பூச்சி மருந்து ஊற்றிய பிறகும் ஆட்டின் தாடை வீங்குவது ஏன்?

கேள்வி: புவனகிரி அருகே எங்களிடம் 34 செம்மறியும் 6 வெள்ளாடும் இருக்கின்றன. ஐப்பசி மழை தொடங்கிய பிறகு இரண்டு முறை எல்லாவற்றுக்கும் அல்பெண்டசோல் ஊற்றினோம். அப்படியும் நான்கு செத்துவிட்டன. ஏழெட்டு ஆடுகளுக்குத் தாடைக்குக் கீழே நீர் கோத்திருக்கிறது. கழிச்சல் இல்லை. மருந்துக் கம்பெனியை மாற்ற வேண்டுமா? எத்தனை மாதத்துக்கு ஒரு முறை பூச்சி மருந்து கொடுப்பது சரி?

பதில்:

கம்பெனியை மாற்றிப் பயனில்லை. லேபிள் வேறாக இருந்தாலும் புட்டிக்குள் இருப்பது அதே அல்பெண்டசோல்தான். கடைக்காரர் எடுத்துத் தரும் ஃபென்பெண்டசோலும் அதே குடும்பத்து மருந்து. ஒன்றுக்குச் சாகாத புழு பெரும்பாலும் மற்றதற்கும் சாகாது. "எத்தனை மாதத்துக்கு ஒரு முறை" என்ற கணக்கையும் தூக்கிப் போட்டுவிடுங்கள். எந்த ஆட்டுக்கு ஊற்றுவது, எதை விடுவது என்பதுதான் உங்கள் பட்டியைக் காப்பாற்றப்போகிற கணக்கு.

நீங்கள் எழுதியதில் எனக்கு மிகவும் உதவிய வரி "கழிச்சல் இல்லை" என்பது. தாடையில் நீர் கோத்து, வாயும் கண்ணும் வெளுத்து, புழுக்கை மட்டும் வழக்கம்போல உருண்டையாக விழுந்தால் நான் முதலில் சந்தேகிப்பது ஹீமான்கஸ் என்ற உருண்டைப் புழுவைத்தான். அது குடலில் இருப்பதில்லை. நாலாவது இரைப்பையில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கிறது. அடுத்த முறை ஓர் ஆடு செத்தாலோ, கறிக்குப் போனாலோ, அந்த இரைப்பையைத் தனியே எடுத்து நீளவாக்கில் கிழித்துப் பாருங்கள். சூடு ஆறுவதற்குள் பார்க்க வேண்டும். உள்ளே பழுப்பு நிறத்தில் கலங்கிய நீர் இருக்கும். சுவரில் ஊசி முனை அளவுக்கு இரத்தப் புள்ளிகள் தெரியும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்தில், சிவப்பு நூலையும் வெள்ளை நூலையும் சேர்த்து முறுக்கியது போன்ற புழுக்கள் நெளியும். சிவப்பு, அது குடித்த இரத்தம். வெள்ளை, அதைச் சுற்றிப் போகும் கருப்பை. அதுதான் பெண் புழு.

ஒரு புழு நாளொன்றுக்குச் சுமார் 0.05 மில்லி இரத்தத்தை இழக்கச் செய்கிறது. கேட்டால் சிரிப்பு வரும். ஆயிரம் புழு இருந்தால் அது 50 மில்லி. 20 கிலோ ஆட்டின் உடம்பில் உள்ள மொத்த இரத்தமே ஏறக்குறைய ஒன்றரை லிட்டர்தான். இப்படி இரண்டு மூன்று வாரம் போனால் என்ன மிஞ்சும்? இரத்தத்தோடு புரதமும் போய்விடுவதால் நீர், நாளத்துக்குள் நிற்காமல் தசைக்கு இடையே கசிகிறது. நாள் முழுவதும் தலையைக் குனிந்து மேயும் பிராணிக்கு அது தாடைக்குக் கீழே வந்து தேங்குகிறது. மாலையில் பட்டிக்குத் திரும்பும்போது பை போலத் தொங்குவதும், விடிந்து பார்த்தால் வற்றியிருப்பதும் இதனால்தான். காலையில் வீக்கம் இல்லை என்பதால் ஆடு தேறிவிட்டது என்று நினைக்காதீர்கள்.

இதை அடைப்பான் என்றோ தொண்டைக் கட்டி என்றோ எண்ணி ஊசி போட்டுக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. காய்ச்சலும் வலியும் இல்லாமல், அழுத்தினால் விரல் பதிகிற வீக்கம் நீர்க்கோவைதான்.

ஆனால் உங்கள் பக்கத்தில் இன்னொரு திருடனும் இருக்கிறான். வீராணம் பாசனத்தில் இருக்கும் ஊர்களில் வாய்க்கால் ஓரப் புல்லை மேயும் ஆடு, நத்தை வழியாகப் பரவும் இரைப்பைத் தட்டைப் புழுவையும் சேர்த்து விழுங்குகிறது. அதன் குஞ்சுகள் சிறுகுடலைக் குடையும்போதும் தாடை வீங்கும். அதோடு பொறுக்க முடியாத நாற்றத்தோடு தண்ணீராய்க் கழியும். அல்பெண்டசோல் அதைத் தொடவே தொடாது. ஆக்சிகுளோசனைடு போன்ற வேறு மருந்து வேண்டும். உங்கள் ஆடுகளில் ஏதேனும் ஒன்று நாளைக்குக் கழிய ஆரம்பித்தால் இந்தச் சந்தேகத்தை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். புழுக்கையோடு வெள்ளை அரிசி அரிசியாய் விழுகிறதே என்று பலர் பதறிக்கொண்டு வருவது நாடாப் புழு. கண்ணுக்குத் தெரிவதால் அதற்குக் கிடைக்கும் கவனம் அதிகம். வளர்ந்த ஆட்டுக்கு அதனால் வரும் கெடுதல் கொஞ்சம். கொல்லுகிற புழுவின் முட்டை கண்ணுக்குத் தெரியாது.

இனி, மருந்து ஏன் தோற்றது என்பது. இதில் மூன்று காரணங்கள் கலந்திருக்கும்.

மழைக்காலத்தில் புழுவின் பெரும்பகுதி ஆட்டுக்குள் இல்லை, புல்லில் இருக்கிறது. ஒரு பெண் ஹீமான்கஸ் நாளுக்கு ஐயாயிரத்துக்குக் குறையாமல் முட்டையிடும். ஓர் ஆட்டில் 500 பெண் புழுக்கள் இருந்தால் அது ஒரு நாளில் 25 லட்சம் முட்டைகளைத் தரையில் கொட்டுகிறது. கடலூர் மாவட்டத்துக்கு ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வருகிறது. அந்த ஈரமும் இந்த ஊர்ச் சூடும் சேர்ந்தால் முட்டை பொரித்து, தொற்றும் பருவத்துக் குஞ்சாக மாற ஒரு வாரம் போதும். அது ஆட்டுக்குள் போய் முட்டையிடும் புழுவாக இன்னும் மூன்று வாரம். ஆக, மழை விழுந்து ஒரு மாதத்தில் ஒரு தலைமுறை முடிகிறது. காலையில் மருந்து ஊற்றி, பத்து மணிக்கு அதே ஏரிக்கரையில் கொண்டுபோய் விட்டால் அன்றைக்கே புதுப் புழு ஏறிவிடும். அல்பெண்டசோல் உடம்பில் நாள்கணக்கில் தங்கிக் காவல் காக்கும் மருந்து அன்று.

அடுத்தது அளவு. கண்ணால் பார்த்து "இது பதினைந்து கிலோ இருக்கும்" என்று சொல்லும் ஆடு தராசில் இருபதைத் தாண்டுவது சாதாரணம். கடையில் கிடைக்கும் 2.5 சதவீத அல்பெண்டசோல் திரவத்தில் ஒரு மில்லிக்கு 25 மில்லிகிராம் மருந்து உண்டு. செம்மறிக்குக் கிலோவுக்கு 7.5 மில்லிகிராம் என்றால் 20 கிலோ ஆட்டுக்கு 6 மில்லி. வெள்ளாட்டின் ஈரல் இதே மருந்தை வேகமாகச் சிதைத்துவிடும்; அதற்குக் கிலோவுக்கு 10 மில்லிகிராமாவது தேவைப்படும், அதாவது அதே எடைக்கு 8 மில்லி. இரண்டையும் ஒரே மூடியால் அளந்து ஊற்றும் வழக்கம் உங்களிடம் இருந்தால், அந்த ஆறு வெள்ளாடுகளும் அரை வயிற்று மருந்தோடு நின்று, தாங்குகிற புழுவை வளர்த்துக் கொடுத்திருக்கும். புட்டியைக் குலுக்காமல் ஊற்றினால் மேலே இருப்பது தண்ணீர், அடியில் இருப்பது மருந்து. நாக்கின் பின்பக்கமாக மெதுவாக ஊற்றுங்கள். தலையை வானத்தைப் பார்க்கத் தூக்கினால் புரையேறி நுரையீரலுக்குப் போகும், அதில் சாகும் ஆடுகளும் புழுக் கணக்கிலேயே எழுதப்படுகின்றன. சினை பிடித்து முதல் மாதத்தில் இருக்கும் ஆட்டுக்கு அல்பெண்டசோல் கூடாது, குட்டி ஊனமாகலாம்.

மூன்றாவது காரணம்தான் பெரியது: மருந்தைத் தாங்கும் புழுவின் எதிர்ப்புத் திறன். இந்தக் குடும்பத்தின் முதல் மருந்தான தையபெண்டசோல் 1961-இல் சந்தைக்கு வந்தது. அதற்கு மசியாத ஹீமான்கஸ் 1964-இலேயே பதிவாகிவிட்டது. மூன்றே ஆண்டு! புழுவின் உடலில் உள்ள டியூபுலின் என்ற புரதத்தில் 200ஆவது இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறினாலே மருந்துக்கு ஒட்ட இடமில்லாமல் போகிறது. நாளுக்கு ஆயிரக்கணக்கில் முட்டையிடும் உயிருக்கு அப்படி ஒரு மாற்றம் வருவது பெரிய காரியமில்லை. பிறகு வந்த ஐவர்மெக்டின், அதைக் கண்டுபிடித்த கேம்பலுக்கும் ஓமுராவுக்கும் 2015-இல் நோபல் பரிசு வாங்கிக் கொடுத்த மருந்து. அதற்கும் உலகின் பல பகுதிகளில் இதே கதி. தமிழ்நாட்டு ஆட்டுப் பட்டிகளில் அல்பெண்டசோல் குடும்பத்துக்கு எதிர்ப்பு இருப்பது பல ஆய்வுகளில் காணப்பட்டதுதான்.

அந்த எதிர்ப்பை நாமே எப்படி வளர்க்கிறோம் என்று பாருங்கள். எல்லா ஆட்டுக்கும் ஒரே நாளில் மருந்து ஊற்றுகிறோம். மருந்துக்குச் சாகும் புழு அத்தனையும் சாகிறது. சாகாத பத்து இருபது மட்டும் பட்டியில் மிஞ்சி, இனி விழும் முட்டை முழுவதும் அவற்றின் வாரிசாகிறது. "மருந்து கொடுத்த மறுநாளே புதிய மேய்ச்சலுக்கு ஓட்டுங்கள்" என்று ஒரு காலத்தில் எல்லாரும் சொன்ன அறிவுரை, இந்த வேலையை இன்னும் சுத்தமாகச் செய்கிறது. புது நிலத்தில் விதைக்கப்படுவது மருந்தைத் தாங்கும் புழு மட்டுமே. கோடையில் புல் காய்ந்து தரையில் குஞ்சே இல்லாதபோது எல்லா ஆட்டுக்கும் ஊற்றுவதும் இதே ரகம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்று காலண்டரில் வட்டம் போடும் வழக்கத்தை நான் எதிர்ப்பது இதனால்தான்.

ஒரு பட்டியில் எல்லா ஆடும் ஒரே அளவு புழுவைச் சுமப்பதில்லை. ஐந்தில் ஒரு பங்கு ஆடுகள் பெரும்பாலான புழுவைச் சுமக்கின்றன. மற்றவை சொற்பப் புழுவோடு சௌகரியமாக மேய்கின்றன. சுமக்கிற ஆட்டை மட்டும் கண்டுபிடித்து மருந்து கொடுத்தால் அது பிழைக்கும். மற்றவற்றில் உள்ள மருந்துக்குச் சாகக்கூடிய புழு தொடர்ந்து முட்டையிட்டு, தாங்கும் புழுவோடு கலந்து அதன் பங்கைக் குறைத்து வைக்கும். கொஞ்சம் புழுவை வேண்டுமென்றே விட்டுவைக்கச் சொல்கிறேன். இதைச் சொன்னால் நம் ஆட்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

கண்டுபிடிப்பதற்குக் கண் இமை போதும். தென்னாப்பிரிக்காவில் உருவாக்கிய ஃபமாச்சா என்ற வண்ண அட்டை, ஆட்டின் இமையின் உள்பக்க நிறத்தை ஐந்து படியாகப் பிரிக்கிறது: நல்ல சிவப்பு, இளஞ்சிவப்பு கலந்த சிவப்பு, இளஞ்சிவப்பு, வெளுத்த இளஞ்சிவப்பு, வெள்ளை. வெயில் வெளிச்சத்துக்கு ஆட்டைக் கொண்டுவந்து, ஒரு கட்டை விரலால் மேல் இமையை விழி மீது மெல்ல அழுத்தி மூடுங்கள். மறு கட்டை விரலால் கீழ் இமையை இழுத்தால் உள்சதை வெளியே பிதுங்கும். உடனே பார்த்து விட்டுவிட வேண்டும். பிடித்துக்கொண்டே நின்றால் இரத்தம் ஏறிச் சிவந்து பொய் சொல்லும். இரண்டு கண்ணையும் பாருங்கள். நிறம் மாறுபட்டால் வெளுத்த கண்ணையே கணக்கில் எடுங்கள். கொட்டகை நிழலில் பார்த்தால் எல்லா ஆடும் நான்காம் படிதான்.

நான்கு, ஐந்து என்றால் மருந்து. மூன்று என்றால் சினை ஆட்டுக்கும், குட்டி ஊட்டும் ஆட்டுக்கும், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கும் மட்டும் மருந்து. தாடை வீங்கியிருந்தால் இமை எப்படி இருந்தாலும் மருந்து. மற்றதைத் தொட வேண்டாம். ஐப்பசி முதல் தை வரை பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை பாருங்கள், அடைமழை விட்ட பிறகு வாரம் ஒரு முறை. உங்கள் நாற்பதுக்கும் ஒரு காலைப்பொழுது போதும். எந்த ஆட்டுக்கு எப்போது மருந்து கொடுத்தீர்கள் என்பதைக் காதில் வில்லையோ கழுத்தில் சாயக் கயிறோ கட்டிக் குறித்துவையுங்கள். ஒரே பருவத்தில் மூன்று முறை கயிறு வாங்கும் ஆட்டைக் கழித்துவிடுவது நல்லது. அதன் குட்டியும் அப்படித்தான் வரும். நான் பார்த்தவரை இந்தப் பகுதியின் மெட்ராஸ் சிவப்புச் செம்மறியிலேயே ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் உண்டு. கிடா தேர்ந்தெடுக்கும்போது கொம்பையும் நெஞ்சையும் பார்ப்பதுபோல இமையையும் பாருங்கள்.

இமை வெளுப்பது புழுவால் மட்டும் அன்று. உண்ணி வழியாக வரும் இரத்த ஒட்டுண்ணியாலும், ஈரல் தட்டைப் புழுவாலும் வெளுக்கும். அதனால்தான் புழுக்கைப் பரிசோதனை தேவைப்படுகிறது. தரையில் கிடப்பதைப் பொறுக்காமல், ஆசனவாயிலிருந்து நேராக எடுத்த பத்துப் பதினைந்து புழுக்கைகளைக் காற்றை அழுத்தி வெளியேற்றிய பிளாஸ்டிக் பையில் கட்டி, ஆட்டின் அடையாளம் எழுதி, வெயில் படாமல் அன்றைக்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். தாமதமானால் முட்டை பொரித்துவிடும். அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். கடலூரில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. பாகூர், வில்லியனூர்ப் பக்கத்துக்காரர்களுக்குக் குரும்பாப்பேட்டில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி கிட்டே. மருந்து கொடுக்கும் அன்று பத்து ஆடுகளின் புழுக்கை, அதே ஆடுகளிடமிருந்து பத்து முதல் பதினான்கு நாள் கழித்து இன்னொரு முறை. முட்டை எண்ணிக்கை முதலில் இருந்ததில் 95 சதவீதமாவது குறையவில்லை என்றால் அந்த மருந்து உங்கள் பட்டியில் தோற்றுக்கொண்டிருக்கிறது. ஊகத்தில் நான் சொல்வதைவிட அந்தத் தாள் சொல்வது மேல்.

இப்போது நிற்கிற ஏழெட்டுக்கு என்ன செய்வது? பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்க அவற்றுக்கு நேரமில்லை. மருத்துவரை வரவழைத்து, அல்பெண்டசோல் குடும்பத்தைச் சேராத மருந்தைக் கேளுங்கள். லெவமிசோல், ஐவர்மெக்டின், குளோசன்டெல் ஆகியவை வெவ்வேறு குடும்பம். குளோசன்டெல் இரத்தம் குடிக்கும் புழுவுக்கு நன்றாக வேலை செய்யும். அளவு மீறினால் ஆட்டின் பார்வையே போய்விடும். லெவமிசோலும் அளவு தப்பினால் நடுங்கி நுரை தள்ள வைக்கும். அதனால் எடை போடாமல் இவற்றில் கை வைக்காதீர்கள். பால், இறைச்சிக்கு எத்தனை நாள் விலக்கு என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். இமை வெள்ளையாக இருக்கும் ஆட்டைத் துரத்திப் பிடிக்க வேண்டாம், ஓடிய ஓட்டத்திலேயே விழுந்துவிடும். கொட்டிலில் நிறுத்தி, கடலைப் புண்ணாக்கும் அகத்தியும் மல்லாட்டை (நிலக்கடலை)க் கொடியும் கொடுங்கள். புழு செத்தாலும் இழந்த இரத்தத்தை உடம்பு திரும்ப உண்டாக்கப் புரதம் வேண்டும். குட்டி ஈனும் காலத்தில் தாயின் எதிர்ப்புச் சக்தி குறைந்து முட்டை எண்ணிக்கை ஏறும். ஈனுவதற்கு முன்னும் பின்னும் கொடுக்கும் ஒரு கைப்பிடிப் புண்ணாக்கு, மருந்துச் செலவில் பாதியை மிச்சப்படுத்தும் என்பது என் அபிப்பிராயம்.

மேய்ச்சல் விஷயத்தில் ஊருக்கு ஊர் நிலைமை வேறு. பசிபிக் தீவான டோங்காவில் நிலத்தைப் பத்துக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மூன்றரை நாள் மேய்த்து, 31 நாளுக்கு மேல் ஓய்வு கொடுத்துப் பார்த்தார்கள். புழு வெகுவாகக் குறைந்தது. வெப்ப நாட்டில் குஞ்சு சுறுசுறுப்பாக அலைந்து, சேமிப்பைத் தீர்த்துக்கொண்டு சீக்கிரம் செத்துவிடுகிறது. தோலுறை மூடிய அந்தப் பருவத்தில் அதனால் எதையும் தின்ன முடியாது. நம் ஊரில் புறம்போக்கை நம்பி மேய்ப்பவர் பத்து வேலி எங்கே போடுவார்? ஆனால் கணக்கின் சாரத்தை எடுத்துக்கொள்ளலாம்: ஒரு கரையில் நான்கு நாளுக்கு மேல் நிற்காமல், ஒரு மாதம் கழித்தே அங்கு திரும்புங்கள். குஞ்சுகள் பனி ஈரத்தில் புல்லின் அடியிலிருந்து ஏறுகின்றன. பனி உலர்ந்த பிறகு ஓட்டுவது, புல்லை ஒட்டக் கடிக்க விடாமல் ஐந்தாறு அங்குல உயரத்திலேயே கிளப்பிவிடுவது இரண்டும் உதவும். வெள்ளாட்டுக்குத் தழையை ஒடித்துக் கட்டித் தொங்கவிடுங்கள். தலைக்கு மேலே தின்னும் வாய்க்குப் புழு எட்டாது. பண்ருட்டிச் செம்மண்ணில் முந்திரித் தோப்பில் மேயும் ஆட்டுக்கு இருக்கும் நிம்மதி சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் களிமண்ணில் மேயும் ஆட்டுக்குக் கிடையாது. வளர்ந்த மாடு இருந்தால் ஆடு மேய்ந்த இடத்தில் பிறகு மாட்டை விடுங்கள். ஆட்டின் ஹீமான்கஸ் மாட்டுக்குள் போய்ப் பெரும்பாலும் வீணாகிவிடும்.

அறுவடை முடிந்து இராமநாதபுரத்துக் கீதாரிகள் கிடை போட வரும்போது "அவர்கள் ஆட்டால்தான் புழு" என்று சிலர் சண்டைக்குப் போகிறார்கள். மாசி, பங்குனியில் காய்ந்த தாளடியில் குஞ்சு பிழைப்பது அரிது. அவர்களை விட்டுவிடுங்கள்.

வேப்பிலை, குப்பைமேனி, பாகற்காய், பூசணி விதை என்று வீட்டு மருந்தைப் பற்றிக் கேட்பீர்கள். கருவேலங்காய் போலத் துவர்ப்புச் சத்து மிகுந்த தீவனம் முட்டை எண்ணிக்கையைக் கொஞ்சம் குறைக்கலாம். நன்றாக இருக்கும் ஆட்டுக்குத் தாராளமாகக் கொடுங்கள். இமை வெளுத்த ஆட்டை அதை நம்பி நிறுத்திவைத்தால் இழப்பீர்கள். ஹீமான்கஸுக்குத் தடுப்பூசியே உண்டு; 2014-இல் ஆஸ்திரேலியாவில் விற்பனைக்கு வந்தது. இங்கே அது கடையில் கிடைப்பதில்லை.

செத்த நான்குக்குப் பதில் வேப்பூர் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஆடு பிடிக்க நினைத்திருப்பீர்கள். எதற்கும் மசியாத புழு பெரும்பாலும் விலைக்கு வாங்கிய ஆட்டோடுதான் பட்டிக்குள் வருகிறது. வாங்கிய ஆட்டை நேரே மேய்ச்சலில் சேர்க்காமல், உலர்ந்த தரையில் தனியாகக் கட்டி, மருத்துவர் சொல்கிறபடி இரண்டு வெவ்வேறு குடும்பத்து மருந்தை எடைக்கேற்பக் கொடுங்கள். அந்த நாள்களில் விழும் புழுக்கையைக் கூட்டி எருக்குழியில் போடுங்கள், வயலில் கொட்ட வேண்டாம். பதினான்காம் நாள் பரிசோதனையில் முட்டை இல்லை என்று தெரிந்த பிறகு மற்ற ஆடுகளோடு விடுங்கள்.